நுரையீரலில் நீர் ஏறுவதை முன்கூட்டியே பிடிப்பது எப்படி? எல்லையோர இதய நோயாளி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

இதயம் பலவீனமானவர்கள் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் ஏறும் இரவு திடீரென்று வருவதில்லை. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நாள் கணக்கில் காட்டியது. பேஸ்மேக்கர் போல உடலுக்குள் பொருத்திய கருவி ஒன்றின் மூலம் 33 நோயாளிகளின் மார்புக்குள் மின்தடையை நாள்தோறும் அளந்தார்கள். நீர் சேர்ந்தால் மின்தடை குறையும். மருத்துவமனையில் சேர்வதற்குச் சராசரியாக 18 நாள்களுக்கு முன்பே அது குறையத் தொடங்கியிருந்தது. நோயாளி மூச்சிரைப்பை உணர்ந்ததோ சுமார் 3 நாள்களுக்கு முன்புதான். இடையில் உள்ள அந்த இரண்டு வாரங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அவசரத்துக்குப் பாலக்காடு, பெரிய டாக்டருக்குக் கோயம்புத்தூர், ரத்தப் பரிசோதனைக்குப் பொள்ளாச்சி என்று ஒரே நோயாளியை மூன்று ஊர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பவர்கள் நாம். இந்த நோயில் அது சிக்கலை இரட்டிப்பாக்கும்.

நோயின் கனம் தெரிய ஒரு கணக்கு. 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1205 இதயச் செயலிழப்பு (இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலை) நோயாளிகளைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61தான். 5 ஆண்டுகளில் 59 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். ‘வயதானால் மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

எந்த நீரைப் பற்றிப் பேசுகிறோம்?

இதயத்தின் இடப்பக்கம் ரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் தடுமாறும்போது, பின்னால் இருக்கும் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் மெல்லிய குழாய்ச் சுவர் வழியே நீர் கசிந்து நுரையீரல் திசுவுக்குள் இறங்கும். தொடக்கத்தில் நிணநீர்க் குழாய்கள் அதை வடித்துவிடும். நாள்பட்ட நோயாளிகளுக்கு இந்த வடிகால் விரிந்து பழகியிருப்பதால், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும்போதும் ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்காமல் போகலாம்; எக்ஸ்ரேயும் தெளிவாக இருக்கலாம். இவை இரண்டையும் மட்டும் நம்பி ‘நெஞ்சில் ஒன்றுமில்லை’ என்று திரும்பியவர்கள் அடுத்த வாரம் ஐ.சி.யு.வில் இருப்பது இதனால்தான்.

ஊசி குத்தி ஒரு லிட்டர் நீர் எடுத்தார்கள் என்று பக்கத்து வீட்டார் சொல்வது வேறு நீர். அது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் தேங்குவது. நாம் பேசுவது நுரையீரலுக்குள்ளேயே ஊறிக் கிடப்பது. அதை ஊசியால் எடுக்க முடியாது. நீர் மாத்திரையால் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும்.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆபத்தானது. படுத்ததும் வரும் இருமலைச் சளி என்றும், இரவில் வரும் இழுப்பை வீசிங் என்றும் நினைத்து இருமல் மருந்திலும் ஆவி பிடிப்பதிலும் பத்து நாள் போக்கிவிடுகிறார்கள். இதய நோய் ஏற்கெனவே உள்ளவருக்குப் படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் இருமல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீரைத்தான்.

முதல் படி: டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இரண்டு எண்கள்

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் அவசரத்தில் பில், மாத்திரை, வண்டி ஆகியவற்றை மட்டுமே கவனிக்கிறோம். அன்றைக்கு டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, நீரெல்லாம் வடிந்த நிலையில் இவருடைய எடை எவ்வளவு? இதை ‘டிரை வெயிட்’ என்பார்கள். இனி வீட்டில் பார்க்கும் ஒவ்வோர் எடையையும் இதனோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள். இரண்டு, நுரையீரலில் இன்னும் நீர் மிச்சம் இருக்கிறதா, அல்ட்ராசவுண்டில் பார்த்தீர்களா? மிச்ச நீரோடு வீட்டுக்குப் போகிறவர்களே பெரும்பாலும் சீக்கிரம் திரும்பி வருகிறார்கள். கால் வீக்கம் வற்றி, மூச்சிரைப்பு நின்று, நோயாளி ‘நன்றாக இருக்கிறேனுங்க’ என்று சொன்னாலும் நுரையீரலுக்குள் நீர் இருக்கலாம்.

இரண்டு பதில்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

இரண்டாம் படி: வீட்டில் தராசும் தலையணையும்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் எடை இயந்திரம் ஒன்று வாங்குங்கள். சிமென்ட் அல்லது டைல்ஸ் தரையில் வையுங்கள். பாய் மேலோ ஜமுக்காளத்தின் மேலோ வைத்தால் எண் தவறும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபி குடிப்பதற்கு முன், தினமும் ஒரே மாதிரி உடையில் நிற்கச் சொல்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் எடை குறைத்துக் காட்டும். தள்ளாடுபவராக இருந்தால் அருகில் நாற்காலி போட்டு, ஏறி நின்ற பின் கையை எடுக்கச் சொல்லுங்கள்.

3 நாள்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையோ கொழுப்போ இல்லை, நீர். உடனே போன் செய்ய வேண்டிய எண் அது.

ஆனால் தராசை மட்டும் நம்பக் கூடாது. எடை ஒரு கிலோகூட ஏறாமலேயே நுரையீரல் நிறைந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் பலர். வயிற்றுப் பக்கத்து ரத்தக் குழாய்களில் தங்கியிருந்த ரத்தம் நெஞ்சுப் பக்கம் இடம் மாறினாலே போதும், தராசு அசையாது. சில நோயாளிகள் சரியாகச் சாப்பிடாமல் உடம்பு வற்றிக்கொண்டே இருப்பார்கள்; வற்றுகிற சதையும் ஏறுகிற நீரும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

ஆகவே எடையோடு சேர்த்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தார்? தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாரா? குனிந்தால் மூச்சு வாங்குகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. முன்னே குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கினால், இதயத்துக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். வெளிநாட்டுப் புத்தகங்களில் ஷூ லேஸ் கட்டச் சொல்லிக் கேட்பார்கள். நம் வீட்டில் வாசலில் கோலம் போடும்போதோ, முற்றம் பெருக்கும்போதோ, பம்புசெட் வால்வைத் திறக்கும்போதோ கவனித்தால் போதும். ‘இரண்டு நாளாகக் கோலம் சின்னதாகிவிட்டது’ என்று மருமகள் கவனித்துச் சொல்வது, டாக்டருக்கு ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமம்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் பெரும்பாலான வீடுகளில் கிடக்கிறது. அதில் 97 இருக்கிறது, கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். நுரையீரல் திசுவில் நீர் ஊறத் தொடங்கி வெகுநாள் கழித்தே ஆக்ஸிஜன் எண் இறங்கும். அது குறைவாகக் காட்டினால் நம்புங்கள். இயல்பாகக் காட்டினால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மூன்றாம் படி: ஊசியில்லாத அளவீடுகளை அறிந்துகொள்வது

கேட்டால் கிடைக்கக்கூடியதிலிருந்து தொடங்குவோம். நுரையீரல் அல்ட்ராசவுண்டுக்குப் புதிய இயந்திரம் தேவையில்லை. எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும் அறையிலேயே எடுக்கலாம். நோயாளியைச் சாய்வாகப் படுக்கவைத்து, ஜெல் தடவி, மார்பில் பக்கத்துக்கு நான்காக எட்டு இடங்களில் பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், கதிர்வீச்சு கிடையாது. காற்று நிறைந்த நுரையீரலில் திரையில் கிடைமட்டக் கோடுகள்தான் தெரியும். நீர் ஊறினால் மேலிருந்து அடிவரை செங்குத்தான வெள்ளைக் கோடுகள் இறங்கும், மூச்சோடு சேர்ந்து நகரும். இவற்றை ‘பி-லைன்’ என்கிறார்கள். ஓர் இடத்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடம் ஈரம். இரு பக்கமும் இரண்டோ அதற்கு மேலோ இடங்களில் அப்படி இருந்தால் நீர் கோத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இது பலன் தருமா என்று ஸ்பெயினின் பார்சிலோனாவில் 123 நோயாளிகளிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்க வரும்போதும் ஒரு பிரிவினருக்கு நுரையீரல் அல்ட்ராசவுண்ட் எடுத்து, அதற்கேற்ப நீர் மாத்திரையைக் கூட்டிக் குறைத்தார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான பரிசோதனை மட்டும். 6 மாதத்தில் அவசர வருகை, மருத்துவமனைச் சேர்க்கை, மரணம் மூன்றையும் சேர்த்த கணக்கு 40 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்திருந்தது. குறைந்தவற்றில் பெரும்பகுதி அவசர வருகைகள்தான். உயிரிழப்பு குறைந்ததாக இந்த ஆய்வைக் காட்டிச் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், நள்ளிரவில் வாடகைக் கார் பிடித்து ஓடும் குடும்பங்களுக்கு அவசர வருகை குறைவதே பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

அல்ட்ராசவுண்ட் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. நிமோனியா, நுரையீரல் தழும்பு, கொரோனா வந்துபோன நெஞ்சு ஆகியவற்றிலும் இதே கோடுகள் தெரியும். பழைய நுரையீரல் நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவி வந்துவிட்டதே, நர்ஸ் அதை வீட்டுக்கே எடுத்துவந்து பார்க்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் இந்தக் கருவிகள் பதிவு செய்யப்பட்ட இடங்களில்தான் இருக்க வேண்டும். நினைத்த வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. நாம்தான் போக வேண்டும்.

அடுத்தது ‘ரெட்ஸ்’ என்ற கருவி. இஸ்ரேலின் சென்சிபிள் மெடிக்கல் நிறுவனத்துடையது; சுவருக்கு அப்பால் இருப்பதைக் கண்டுபிடிக்கும் ராடார் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்தது. வலது மார்பின் முன்னும் பின்னும் இரண்டு உணரிகள். உடைக்கு மேலேயே மாட்டி, மிகக் குறைந்த சக்தி கொண்ட மின்காந்த அலையை ஊடுருவ விடுவார்கள். நீரும் காற்றும் அந்த அலையை வேறுவேறு விதமாக மாற்றும். பொள்ளாச்சிச் சந்தையில் இளநீரைத் தட்டிப் பார்த்து உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் வியாபாரியின் வேலைதான் இது, கணக்கோடு. இரண்டு நிமிடத்துக்குள் ஒரு சதவீதம் வரும்: 20 முதல் 35 வரை இயல்பு, அதற்கு மேல் போனால் நீர்.

இந்தக் கருவியின் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் 155 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரம் உள்ளவர்களையும், மிக ஒல்லியானவர்களையும், மிகப் பருமனானவர்களையும் சேர்க்கவில்லை. நம் வீட்டுப் பாட்டிமார்களில் எத்தனை பேர் ஐந்தடி ஓரங்குலத்தைத் தாண்டுகிறார்கள்? நோயாளியின் உயரத்தையும் எடையையும் சொல்லி, இவருக்கு இந்த எண் பொருந்துமா என்று கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

மார்பில் ஸ்டிக்கர் ஒட்டி மிகச் சிறிய மின்சாரம் செலுத்தி மின்தடையை அளக்கும் கருவிகள் மூன்றாவது வகை. இதை வைத்து இஸ்ரேலில் 256 நோயாளிகளுக்குச் சிகிச்சையை வழிநடத்திப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. மருத்துவமனைச் சேர்க்கை தெளிவாகக் குறைந்தது. என்.டி. புரோ-பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இதயச் சுவர் இழுபடுவதை அது காட்டும், நுரையீரலில் நீரின் அளவை நேரடியாகக் காட்டாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எப்போதும் ஏறியே இருக்கும். நுரையீரல் தமனியில் சிறு உணரியைப் பதிக்கும் முறையும் இருக்கிறது. 2011-ல் வெளியான 550 பேர் ஆய்வில் அது நல்ல பலன் தந்தது. ஆனால் அதற்குக் குழாய் செலுத்த வேண்டும், செலவும் வேறு கணக்கு. இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

நான்காம் படி: எண் வருவதற்கு முன்பே பதிலை எழுதி வாங்குவது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 335 நோயாளிகளுக்கு நெஞ்சுக்குள் இருக்கும் கருவியே நீர் ஏறினால் ஒலி எழுப்பும்படி அமைத்தார்கள். ஒரு பிரிவுக்கு அலாரம் கேட்கும், மற்றதற்குக் கேட்காது. அலாரம் கேட்டவர்களிடம் மருத்துவமனைச் சேர்க்கை குறையும் என்றுதானே நினைப்போம்? கூடியது. வெளிநோயாளி வருகைகள் ஏறத்தாழ மூன்று மடங்காயின. ஒலி கேட்டதும் பயந்து ஓடினார்கள், பார்த்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணும் அலாரமும் மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. எண் இப்படி வந்தால் இன்ன மாத்திரையை இவ்வளவு நாள் இப்படி மாற்று, இன்னாரைக் கூப்பிடு என்ற உத்தரவு முன்பே இருந்தால்தான் அளவீட்டுக்குப் பலன்.

எனவே அடுத்த முறை போகும்போது ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அதன் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: ‘எடை 58 கிலோவுக்குள் இருந்தால் டார்செமைடு (நீர் மாத்திரை) 10 மில்லிகிராம், காலையில் ஒன்று. 3 நாளில் 60-ஐத் தொட்டாலோ, தலையணை கூடினாலோ, 20 மில்லிகிராமாக 3 நாள்; நான்காம் நாள் பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்துவிட்டு போன் செய்யவும். 56-க்குக் கீழே போனாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ மாத்திரையை நிறுத்தி, அன்றே கூப்பிடவும்.’ இந்த எண்கள் உங்கள் வீட்டு நோயாளிக்கு உரியவை அல்ல. யாரும் இவற்றைப் பார்த்து மாத்திரையை மாற்றாதீர்கள். உங்களுக்கான எண்களை உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும்.

கீழ்ப்பக்க எண்ணையும் கேட்டு வாங்குவது முக்கியம். நீர் ஏறுவதற்குப் பயந்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போய், உடம்பு வறண்டு, சிறுநீரகம் அடிபட்டுப் படுப்பவர்களும் உண்டு. ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, வியர்வையிலேயே நிறைய நீர் போய்விடும். மழைக்காலத்து டோஸ் வெயில் காலத்துக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்று இல்லை. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாளிலும் டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் (இதயச் செயலிழப்புக்கும் கொடுக்கும் சர்க்கரை மருந்துகள்), நீர் மாத்திரை ஆகியவற்றைத் தொடரலாமா என்று கேட்ட பிறகே கொடுங்கள். நுரையீரல் அளவீடு இங்கேயும் கைகொடுக்கும்: அது உலர்ந்திருக்கிறது என்று காட்டினால் டாக்டர் துணிந்து மாத்திரையைக் குறைப்பார்.

எப்போதெல்லாம் அளக்க வேண்டும்? டிஸ்சார்ஜ் ஆன ஒன்று, இரண்டு வாரத்துக்குள் முதல் முறை கட்டாயம். 2022-ல் வெளியான 1078 பேர் ஆய்வில், டிஸ்சார்ஜுக்குப் பிறகு 1, 2, 3, 6-ஆம் வாரங்களில் வரவழைத்து மருந்துகளை விரைவாகச் சரியான அளவுக்கு உயர்த்தியவர்களிடம் மரணமும் மறுசேர்க்கையும் சேர்ந்து குறைந்தன. ‘மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்று சொன்னால், இரண்டு வாரத்தில் ஒரு முறை வரட்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

அளக்கப் போகும் நாள்

நம் பக்கத்தில் எல்லோரும் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. கோயம்புத்தூர் போகும் நாளில் காலை நீர் மாத்திரையைப் போடாமல் பஸ் ஏறிவிடுவார்கள். காரணம் நியாயமானதுதான், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் சிறுநீர் முடுக்கும், பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்ல முடியாது, பெண்களுக்கு இன்னும் சங்கடம். ஆனால் மாத்திரை போடாத நாளில் எடுக்கும் அளவீடு வழக்கமான நிலையைக் காட்டாது. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்து டோஸைக் கூட்டுவார், மறுநாள் முதல் வழக்கமான மாத்திரையும் கூட்டிய டோஸும் சேர்ந்து தலை சுற்றும். சந்திப்பைப் பிற்பகலுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், மாத்திரை போடவில்லை என்பதை அறைக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வீட்டில் எழுதிய நோட்டு, எழுதி வாங்கிய தாள், எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரே பையில் இருக்கட்டும். பெண்கள் முன்பக்கம் திறக்கும் மேல்சட்டை போட்டுப் போனால் அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது வசதி.

சமையலறை, மருந்துக்கடை

உப்பைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வருவது மறைந்திருக்கும் உப்பை. மட்டை அரிசிக் கஞ்சியில் உப்பைக் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாயும் பப்படமும் கருவாடும் வைத்தால் கணக்கு நேராகிவிடும். ஓணச் சமயத்தில் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) இரண்டு கைப்பிடி சாப்பிட்டாலே மறுநாள் தராசு ஏறிக் காட்டிவிடும். கஞ்சி, பதிமுகம் போட்ட வெந்நீர், மோர் எல்லாம் திரவக் கணக்கில் சேரும். டாக்டர் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு சொல்லியிருந்தால் ஒரு பாட்டிலில் அளந்து வைத்து அதிலிருந்தே குடிக்கக் கொடுங்கள். பாலக்காட்டுச் சித்தூர்க் கள்ளும் இந்தக் கணக்கில் உண்டு, அதோடு இதயத் தசையையும் கெடுக்கும் என்பதைத் தாத்தாவிடம் யார் சொல்வது என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இளநீர் விஷயத்தில் கவனம் தேவை. அதில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். தோப்பில் சும்மா கிடைக்கிறதே என்று தினமும் வெட்டிக் கொடுக்காதீர்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் நேரடியாகக் கேட்டு வாங்குவது இந்த நோயாளிகளுக்கு ஆகாது. அவை உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகளில் சோடியம் நிறைய. நுரையீரல் நீரின் அளவு காரணமில்லாமல் ஏறியிருந்தால் முதலில் ‘வலிக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா?’ என்று கேளுங்கள். பல நேரம் காரணம் அங்கே இருக்கும்.

எல்லையில் இருப்பதன் தொல்லைகள்

இரண்டு மாநில மருத்துவமனைகளில் காட்டும்போது ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் வந்து சேர்ந்துவிடும். பாலக்காட்டில் கொடுத்த ஃபியூரோசெமைடும் கோவையில் கொடுத்த டார்செமைடும் இரண்டுமே நீர் மாத்திரைகள்தான் என்று தெரியாமல் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய மருந்துச் சீட்டு வந்ததும், மருந்துக்கடைக்காரரிடம் மூலப்பெயரைக் கேட்டு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நீர் மாத்திரையின் அளவை மாற்றும் உரிமை ஒரே ஒரு டாக்டருக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் மாற்றினால் அவருக்குத் தெரிவித்துவிட்டு மாற்றுங்கள்.

காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தின் எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரியுங்கள். கேரளத்தின் காருண்யா திட்டமும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் வேறு வேறு பட்டியல்களைக் கொண்டவை. கேரளப் பக்கம் பஞ்சாயத்து மூலம் வீடு தேடி வரும் பாலியேட்டிவ் (வலியும் வேதனையும் தணிக்கும் பராமரிப்பு) நர்ஸ்கள் இருக்கிறார்கள். புற்றுநோய்க்கு மட்டும்தான் அவர்கள் வருவார்கள் என்று நினைக்க வேண்டாம், நடக்க முடியாத இதய நோயாளியின் பெயரையும் பதிவுசெய்யக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். வருகிறவர் எவராக இருந்தாலும் எடை நோட்டைக் காட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

படுக்கவே முடியவில்லை, உட்கார்ந்தும் மூச்சு முட்டுகிறது, பேச்சு இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு வலிக்கிறது, மயங்குகிறார்: இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த அளவீட்டுக்கும் தாளுக்கும் நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாநிலங்களிலும் அதே எண்தான் என்பதால், முதலில் மாநிலத்தின் பெயரையும் அடுத்து ஊரையும் அதன் பின் அடையாளத்தையும் சொல்லுங்கள். வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுங்கள். தண்ணீர், கஞ்சி எதையும் புகட்ட வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, மாத்திரைப் பையை வாசலில் எடுத்து வையுங்கள்.